எரிந்த தகடு: தடைக்காலச் சாவகச்சேரியில் ஒரு தொழிலின் வரலாறு

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. அரசியல் ஆய்வாளர் அதனைப் போர்த் தந்திரமாக ஆராய்ந்துள்ளனர்; மனித உரிமை அமைப்புகள் அதனைக் குற்றப் பட்டியலிற் சேர்த்துள்ளன; கவிஞரும் சிறுகதை ஆசிரியரும் அதன் இருளையும் பசியையும் எழுதியுள்ளனர். ஆயின் இவ்வெழுத்துகளில் ஒரு கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படாமலே நிற்கின்றது. பெற்றோலும் டீசலும் பெற்றறியும் உதிரிப்பாகமும் தடுக்கப்பட்ட நிலத்தில், பல இலட்சம் மக்கள் வாழ்ந்த நிலத்தில், வண்டிகள் எவ்வாறு ஓடின? பிரசவ வேதனையிலிருந்த பெண் எவ்வாறு ஆசுபத்திரி சேர்ந்தாள்? நெல் மூட்டையும் விறகும் எவ்வாறு சந்தை சேர்ந்தன? ஓடிய வண்டியை எல்லோரும் கண்டனர். அதனை ஓடவைத்த தொழிலாளியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

இக்கட்டுரை அத்தொழிலின் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. மோட்டார் எஞ்சினில் 'கெட் காஸ்கற்' என்று கராச்சுகளில் வழங்கும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அது எரிந்தால் வண்டி நிற்கும், மாற்றினால் ஓடும். சாதாரண காலத்தில் புதிய தகட்டைக் கடையில் வாங்கி ஒரு பகலில் முடித்துவிடும் வேலை அது. தடைக்காலத்தில் அத்தகடு ஏன் அடிக்கடி எரிந்தது, எரிந்தபின் என்ன செய்தனர், அதற்கு யார் என்ன விலை கொடுத்தனர் என்று கேட்டுச் சென்றால், குடாநாட்டின் அரைநூற்றாண்டுப் பொருளாதார வரலாறே அத்தகட்டின் கனத்துக்குள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

பேர்மிங்காமிலிருந்து கண்டி வீதிக்கு

முதலில், அவ்வெஞ்சின்கள் இங்கே வந்த வழியைக் காண்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா பெருங் கடனாளி நாடாக எழுந்தது. கடனைத் தீர்க்க ஏற்றுமதியே வழியென்று கண்ட அன்றைய அரசாங்கம், ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கு முன்னுரிமை கொடுத்து உருக்கைப் பங்கிட்டது. அந்நாளிலே, 1947இல் பேர்மிங்காமை அடுத்த லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து ஒஸ்ரின் ஏ-40 காரும், 1948இல் ஒக்ஸ்போட்டை அடுத்த கௌலித் தொழிற்சாலையிலிருந்து மொறிஸ் மைனர் காரும் வெளிவரத் தொடங்கின. உலகின் துறைமுகங்கள் பலவற்றில் இவை இறங்கின. தேயிலையையும் இறப்பரையும் ஏற்றிவிட்டு, அரிசியையும் துணியையும் காரையும் இறக்கும் பொருளாதாரத்தைச் சுதந்திரத்துக்குப் பின்னும் கைவிடாதிருந்த இலங்கையின் துறைமுகமும் அவற்றுள் ஒன்று. கொரியப் போரை ஒட்டி இறப்பர் விலை உயர்ந்த ஆண்டுகளில் நாட்டின் கையில் அந்நியச் செலாவணியும் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இவ்வண்டிகளை முதலில் வாங்கியோர் டாக்டர்களும் அப்புக்காத்துமாரும் வியாபாரிகளும் மலாயாவிலிருந்து ஓய்வூதியத்துடன் திரும்பியோருமாவர். காலப்போக்கில் அவை கைமாறி, சந்திகளில் நிற்கும் வாடகைக் கார்களாயின. கனவானின் பெருமைச் சின்னமாக வந்த வண்டி ஊரின் பொதுச் சொத்துப் போன்றதாயிற்று. கலியாணத்துக்கும் சாவீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் ஒரே ஏ-40 ஓடிற்று.

1960களின் தொடக்கத்திலே செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை ஆண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் கட்டுப்பாடு மேலும் இறுகிற்று. அவ்வரசாங்கத்தில் 1975 வரை நிதி அமைச்சராயிருந்தவர் இடதுசாரித் தலைவரான என். எம். பெரேரா என்பதை இவ்விடத்தில் மறைத்தல் ஆகாது. அந்தக் கட்டுப்பாடு நுகர்வோரை வருத்தியது. ஆயினும் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரன் தலைநிமிர்ந்த காலமும் அதுவே. அவ்வாறே புதிய கார் வராமையினால் பழைய காரைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் திறமையும் வளர்ந்தது. கடையில் இல்லாத பகுதியைக் கடைச்சற் பட்டறையிற் செய்விக்கவும், ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தவும் கராச்சுகள் பழகிக்கொண்டன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது கொழும்பின் வீதிகளை யப்பானிய வண்டிகள் நிறைத்தன. குடாநாட்டின் வாடகைக் கார் தரிப்பிடங்களிலோ ஒஸ்ரினும் மொறிசும் தொடர்ந்து நின்றன. 1983இன் பின் போர் நெருங்க நெருங்க, அங்கே புதிய வண்டியில் முதலிட எவரும் துணியவில்லை.

ஆகவே 1990இல் தடை வந்தபோது, முப்பது நாற்பது வயதுடைய இயந்திரங்களும், அவற்றை நரம்பு நரம்பாய் அறிந்த ஒரு தொழிலாளர் கூட்டமும் இங்கே ஏற்கெனவே இருந்தன. பொருளியலாளர் பின்தங்கிய நிலையென்று கணக்கிட்ட அந்தப் பழமையே பின்வந்த ஆண்டுகளில் மக்களின் கைக்கோலாயிற்று.

தகட்டின் தொழில்

எஞ்சினுக்கு உடல் ஒன்று, தலை ஒன்று. உடலிலே சிலிண்டர்கள் உள்ளன. அவற்றை மூடும் இரும்பு மூடியே தலை. ஏ-40இன் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்; கொள்ளளவு 1200 கன சென்ரிமீற்றர்; உடலும் தலையும் வார்ப்பிரும்பு. சிலிண்டரினுள்ளே எரிபொருளும் காற்றும் நெருக்கப்பட்டு எரிகின்றன. அச்சூட்டைத் தணிக்கும் நீர், உடலிலிருந்து தலைக்குச் சிறு துளைகளின் வழியே ஏறுகின்றது. அசையும் பகுதிகளை வழுவழுப்பாக்கும் எண்ணெயும் அவ்வாறே செல்லுகின்றது. இரும்பை எவ்வளவு ஒப்பமாகச் சீவினாலும் இரண்டு இரும்புப் பரப்புகள் காற்றுப் புகாமல் ஒட்டுவது அரிது. ஆதலின் இரண்டுக்கும் நடுவே மென்மையான ஒரு தகட்டை இட்டு முடுக்குவர். அக்காலத் தகடு இரண்டு செப்புத் தாள்களுக்கிடையே அஸ்பெஸ்ரஸ் வைத்துச் செய்யப்பட்டது. செம்பு நசிந்து இடைவெளியை அடைக்கும். அஸ்பெஸ்ரஸ் சூட்டைத் தாங்கும். நெருப்பு, நீர், எண்ணெய் என்னும் மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமற் காப்பதே அதன் தொழில்.

எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் தலை சற்றே கோணும். கோணிய இடத்தில் தகட்டின் மீதுள்ள அழுத்தம் தளரும். அத்தளர்ந்த இடத்தைத் தேடி நெருப்பு நுழையும். இரண்டு சிலிண்டர்களுக்கு இடையே தகடு மிக ஒடுங்கியிருக்கும் பாலத்திலேயே பெரும்பாலும் எரிவு தொடங்கும். பின்னர் நீர் எண்ணெயிற் கலக்கும். அல்லது நெருப்பு நீரிற் கலக்கும். எஞ்சின் 'தண்ணீர் குடிக்கிறது' என்று தொழிலாளர் சொல்வது இதனையே.

மண்ணெண்ணெயும் எஞ்சினும்

எரிபொருளைத் தடுத்து மக்களைப் பணியவைக்கும் முயற்சி 1990இல் முதன்முதலாக வந்ததன்று. 1987 சனவரியிலேயே யாழ்ப்பாணத்துக்கான எரிபொருளை அரசாங்கம் தடுத்திருந்தது. அவ்வாண்டு யூலையில் கையெழுத்தான இந்திய–இலங்கை உடன்படிக்கையுடன் அது நீங்கிற்று. 1990இல் வந்த தடையோ இடையிடையே தளர்ந்தும் இறுகியும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, பசளை, பெற்றறி, வாகன உதிரிப்பாகம் என்று பட்டியல் நீண்டது. மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு எரித்த சிறு விளக்கின் கீழே ஒரு தலைமுறை மாணவர் படித்தனர். வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றினர். மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக அனுமதிக்கப்பட்டது. அதுவும் வெளிச்சந்தையில் பன்மடங்கு விலைக்கு விற்றது.

பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியது இந்நிலையிலேதான். சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மோட்டார்ச் சைக்கிளும் காரும் அவ்வாறே ஓடின. பின்னால் வருபவர் கண்ணெரியும் புகை அவற்றின் அடையாளம்.

இதனை வெளியார் வியந்து எழுதியுள்ளனர். ஆயினும் இது வெறும் அதிசயமாக முளைத்ததன்று. 1950களிலிருந்து யாழ்ப்பாணத் தோட்டங்களில் துலா மிதிப்போரின் இடத்தை மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டன. அவையும் பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெயிற் தொடர்பவையே. மேலும், இம்முறையை நமக்கு விற்ற நாடே அதனைக் கையாண்டிருந்தது. பிரித்தானியாவில் 1940களிலும் 50களிலும் வயலுழுத போட்சன், பேகசன் உழவு இயந்திரங்களிற் பல, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயிலேயே ஓடின. அவற்றுக்கு இரண்டு எரிபொருட் தாங்கிகள். சிறியதிற் பெற்றோல், பெரியதில் அவ்வெண்ணெய். ஆகவே தோட்டக்காரனின் கிணற்றடியில் இருந்த அறிவு, தேவை வந்தபோது கார் எஞ்சினுக்கு இடம்பெயர்ந்தது என்பதே சரியான வரலாறு.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அவ்வுழவு இயந்திரங்கள் அவ்வெண்ணெய்க்கென்றே நெருக்கல் விகிதம் குறைத்துச் செய்யப்பட்டவை. கார் எஞ்சின் அவ்வாறு செய்யப்பட்டதன்று. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல நெருக்கலைத் தாங்காது; உரிய கணத்துக்கு முன்னரே தானாகத் தீப்பற்றும். அப்போது பிஸ்ரனின் தலையில் சுத்தியலால் அடித்தாற்போன்ற ஓசை எழும். எஞ்சின் 'தட்டுகிறது' என்பர். அன்றியும் மண்ணெண்ணெய் ஆவியாவதற்குக் கூடிய சூடு தேவை. ஆகவே எஞ்சினைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். தட்டலும் சூடும் ஒருங்கு சேர்ந்தால் முதலிற் பலியாவது தகடு. தடை எஞ்சினுக்கு உரிய எரிபொருளைப் பறித்தது. அதற்கு ஈடாக இட்ட எண்ணெய் தகட்டை எரித்தது. எரிந்த தகட்டுக்குப் புதியது வராமல் அதே தடை வழிமறித்தது.

ஏ-40 போன்ற எஞ்சின்கள் இதனை ஓரளவு தாங்கியமைக்கும் காரணம் அவற்றின் பழமையே. அவற்றின் நெருக்கல் விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை அண்டியது. இக்காலக் கார்களில் அது பத்துக்கு ஒன்றை அண்டியும் மிஞ்சியும் நிற்கின்றது. போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் தரங்குறைந்த பெற்றோலுக்கென அமைத்த எஞ்சின், அரைநூற்றாண்டின் பின் முற்றுகைக்குள்ளான ஒரு மக்களின் மண்ணெண்ணெயையும் ஒருவாறு செரித்துக்கொண்டது.

கழற்றலும் பூட்டலும்

இனி வேலையைக் காண்போம். முதலில் நோயறிதல். றேடியேற்றரின் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால் நீரிற் குமிழி எழும். எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் பால்தேநீரின் நிறத்தில் இருக்கும். புகைக்குழாய் வெண்புகை கக்கும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓசையைக் கேட்டால் எந்தச் சிலிண்டர் செத்தது என்று தெரியும். அடுத்தடுத்த இரண்டு ஒருங்கே செத்திருந்தால் எரிவு அவற்றின் நடுப்பாலத்தில் என்பது முடிவு. கருவிகள் இல்லாத இந்நோயறிதல் நாடி பிடிக்கும் வைத்தியனின் அறிவுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

பின்னர் நீரை வடித்து, காபரேற்றரையும் குழாய்களையும் கழற்றி, வால்வை இயக்கும் தண்டுகளை உருவுவர். ஒவ்வொரு தண்டும் தன் இடத்தில் தேய்ந்து பழகியது. ஆதலின் மட்டையிலே துளையிட்டு வரிசை மாறாமற் குத்திவைப்பர். தலையின் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குச் சிறிது சிறிதாய்த் தளர்த்துவர். ஒரு பக்கத்தை ஒரேயடியாகத் தளர்த்தினால் இரும்பு கோணும். தலையைத் தூக்கியபின் கரியைச் சுரண்டி, நேரான உருக்குச் சட்டத்தை அதன் பரப்பிற் குறுக்காக வைத்து, இடையே வெளிச்சம் தெரிகின்றதா என்று பார்ப்பர். தெரிந்தால் தலை கோணியிருக்கின்றது. பட்டறையில் இயந்திரத்தாற் சீவுவதே முறை. மின்சாரமற்ற காலத்தில் சீவும் இயந்திரத்தை ஓட்டவும் எண்ணெய் வேண்டும். எனவே தடித்த கண்ணாடியின் மேல் அரத்தாளை விரித்து, தலையைக் கவிழ்த்து, மணிக்கணக்கில் கையாற் தேய்த்து ஒப்பமாக்குவதும் இத்தொழிலில் ஒரு வழி.

அடுத்தது தகடு. ஓடாமற் கிடக்கும் வண்டியிலிருந்து கழற்றிய தகடு கிடைக்கலாம். இல்லையேல், அதிகம் எரியாத பழைய தகட்டையே மீட்க வேண்டும்; அல்லது செப்புத் தகட்டிலிருந்து புதியதை வெட்ட வேண்டும். ஒருமுறை நசிந்த செம்பு இறுகிப்போயிருக்கும். அதனைச் செந்நிறம் வரக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மென்மையடையும். உருக்கைக் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது கடினமாகும். செம்போ நீரில் தோய்த்தாலும் மென்மையாகவே இருக்கும். இவ்வுண்மை பேர்மிங்காமிலிருந்து வந்த கைந்நூலினால் நாம் கற்றதன்று. நம்மூர்க் கன்னாரும் தட்டாரும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அறிவு அது. தண்ணீர்ப் பம்பு, எண்ணெய்த் தொட்டி முதலியவற்றின் மூடிகளுக்குத் தடித்த மட்டையே போதும். மட்டையை இரும்பின் மேல் விரித்து விளிம்பிற் சுத்தியலால் மெல்லத் தட்டினால், இரும்பின் வடிவமே கத்தியாக அதனை வெட்டித்தரும். நெருப்பைத் தாங்க வேண்டிய கெட் காஸ்கற்றுக்கு மட்டும் செம்பைத் தவிர வேறு புகல் இல்லை. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டால் நெருக்கல் விகிதம் குறைந்து மண்ணெண்ணெயின் தட்டலும் குறையும் என்ற நுட்பத்தையும் இத்தொழில் அறியும்.

பூட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, பாயை நடுவிலிருந்து தடவி விரிப்பதுபோல, மூன்று சுற்றாக முடுக்குவர். எஞ்சினை ஓட்டிச் சூடேற்றியபின் மீண்டும் ஒருமுறை முடுக்குவர். முடுக்கும் வலுவை அளக்கும் ஸ்பனர் இல்லாதவிடத்து, தோளே அளவுகோல். கூடினால் போல்ற் முறியும். குறைந்தால் தகடு மறுபடியும் எரியும். முறிந்த போல்றுக்கு மாற்றும் இல்லை. அந்தத் தோளின் அளவு ஒரு தொழிலாளியிடம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தினால் வருவது. எந்தப் பாடநூலிலும் அது அச்சாகவில்லை.

தென்மராட்சியின் பாரம்

இத்தொழில் குடாநாடெங்கும் இருந்தது. எனினும் சாவகச்சேரிக்கு இவ்வரலாற்றிற் தனி இடம் உண்டு. தென்மராட்சியின் தலைநகரான இச்சிறு பட்டினம் கண்டி வீதியில், புகையிரதப் பாதையின் அருகே, பலாப்பழமும் மாம்பழமும் தேங்காயும் குவியும் சந்தையைச் சுற்றி வளர்ந்தது. 1990 யூனுடன் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 2014 ஒக்ரோபரிலேதான் அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. புகையிரதம் சுமந்த சுமையெல்லாம் பழைய கார்களின் மீதும் உழவு இயந்திரங்களின் மீதும் சைக்கிள்களின் மீதும் இறங்கிற்று. ஆனையிறவு வழி போரினால் மூடுண்டது. 1991இல் பூநகரியில் படைமுகாம் அமைந்தபின் சங்குப்பிட்டி வழியும் அடைபட்டது. அதன்பின் தெற்கே செல்வோரும் வருவோரும் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளங்களிற் கடந்தனர். அவ்வழியே பலர் உயிரிழந்தனர். கரையேறிய மனிதரும் சரக்கும் தென்மராட்சியின் வீதிகளாலேயே உள்ளே சென்றனர். அவ்வீதியில் நின்றுபோன ஒவ்வொரு வண்டிக்கும் அருகிலிருந்த கராச்சே கதி.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மழையிலே, நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய்–கைதடி வீதியாலும் தென்மராட்சிக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தனர். நடக்க முடியாத முதியோரையும் நோயாளரையும் சுமந்து அந்நெரிசலில் ஊர்ந்த பழைய வண்டிகளை எண்ணிப் பாருங்கள். ஊர்ந்து செல்லும் வண்டியின் றேடியேற்றருக்குக் காற்றுக் கிடையாது. எஞ்சின் கொதிக்கும். தகடு எரிவதற்கு அதைவிட வாய்ப்பான நிலை வேறில்லை. அதன்பின் வந்த மாதங்களில் சாவகச்சேரி இந்துக் கல்லூரியும் டிறிபேர்க் கல்லூரியும் கோயில்களும் மரநிழல்களும் மக்களால் நிறைந்தன. பட்டினம் பன்மடங்கு மக்களைத் தாங்கிற்று. அந்தப் பாரத்தில் ஒரு பங்கு கராச்சுகளின் தோளில் இருந்தது. 1996 ஏப்பிரிலில் இராணுவம் தென்மராட்சியைக் கைப்பற்றியபின் மக்களில் மிகப் பலர் வலிகாமம் திரும்பினர். 2000ஆம் ஆண்டு ஏப்பிரில் 22இல் ஆனையிறவு வீழ்ந்ததைத் தொடர்ந்து, தென்மராட்சி போர்க்களமாயிற்று. மக்கள் மீண்டும் ஓடினர். சந்தையும் கடைகளும் வீடுகளும் கற்குவியலாயின. பட்டினத்தோடு கராச்சுகளும், வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிப் பெட்டிகளும் அழிந்தன.

கைகள் யாருடையவை

இத்தொழிலைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் நாம் பாதி வரலாற்றையே எழுதியவராவோம். கராச்சுக்கு இரும்பும் பழைய உறுப்பும் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாண முஸ்லிம்களிற் பலர் இரும்பு வியாபாரத்திலும் லொறிப் போக்குவரத்திலும் ஈடுபட்டிருந்தனர். 1990 ஒக்ரோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்களும், அம்மாதம் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களும் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். உடைமைகளை விட்டுச் செல்லும்படி ஆயுதமுனையிற் பணிக்கப்பட்டனர். தடை ஒரு புறம் வழியை அடைத்தபோது, மறு புறம் நம் அயலவரையே நாம் இழந்தோம். அந்நாளிற் தமிழ்ச் சமுதாயம் பெரும்பாலும் மௌனம் காத்தது. வந்து சேர்ந்த எண்ணெயின் மீதும் சரக்கின் மீதும் இயக்கம் வரி பெற்றது என்பதும் மறுக்க முடியாதது. தடை விதித்த அரசாங்கத்தின் குற்றத்தை இவை எவையும் குறைப்பதில்லை. ஆயினும் ஏழையின் முதுகில் ஒரு கை மட்டும் விழவில்லை என்பதைச் சொல்லாத வரலாறு ஏழையின் வரலாறாகாது.

அடுத்து, தொழிலாளிக்கு நம் சமுதாயம் கொடுத்த இடம். 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. எழுதுகோல் பிடிப்பவனை உயர்த்தியும் கருவி பிடிப்பவனைத் தாழ்த்தியும் பார்ப்பது நம்மிடையே சாதியோடு பின்னிய பழக்கம். கொல்லனும் தச்சனும் கன்னானும் இன்றிக் கோயிலும் இல்லை, கலப்பையும் இல்லை. எனினும் சபையில் அவர்களுக்கு முன்வரிசை இல்லை. மோட்டார்த் தொழில் புதியதாகையால் பல சாதி இளைஞரும் ஒரே வண்டியின் கீழே படுத்து வேலை பழகினர். அது ஒரு முன்னேற்றமே. ஆயினும் படிப்பில் தோற்றவன் போகுமிடம் கராச்சு என்ற எண்ணத்தை நாம், சிறப்பாக ஆசிரியராகிய நாம், இன்றுவரை மாணவர் மனத்தில் விதைத்தே வந்துள்ளோம். தடைக்காலத்தில் அந்தப் 'படிப்பில் தோற்றவனே' வெப்பவியலின் விதிகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது, உடல் கொடுத்த விலை. பழைய தகட்டின் நடுவே இருந்தது அஸ்பெஸ்ரஸ். அதன் நுண்ணிய நார்த்தூசி நுரையீரலிற் தங்கி, பல ஆண்டுகளின் பின் சுவாச நோயையும் புற்றுநோயையும் விளைப்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஒட்டிப்பிடித்த தகட்டைத் தகட்டுக் கத்தியாற் சுரண்டி, தூசியை வாயால் ஊதித் துடைத்தவர்களுக்கு இதனை எவரும் சொல்லவில்லை. மண்ணெண்ணெய்ப் புகையை நாள்தோறும் சுவாசித்தவரும் அவர்களே. வேலை கற்க வந்த சிறுவர் பாடசாலையை விட்டு வந்தவர்கள். ஆகவே இதனைத் தமிழனின் புத்திக்கூர்மைக்குச் சான்றென்று மேடையில் முழங்குவோர், அப்புத்திக்கூர்மையைக் கட்டாயப்படுத்திய கொடுமையையும் சேர்த்தே பேச வேண்டும். கியூபாவில் 1960களிற் தொடங்கிய அமெரிக்கத் தடைக்கு அகப்பட்டு, 1950களின் அமெரிக்கக் கார்களை அந்நாட்டுத் தொழிலாளர் பல பத்தாண்டுகள் ஓட்டினர். அவற்றைச் சுற்றுலாப் பயணி படம்பிடித்து மகிழ்கின்றான். ஓட்டியவனின் பற்றாக்குறை படத்தில் விழுவதில்லை. நமக்கு இன்னுமொரு வேதனை உண்டு. மொறிஸ் ஒக்ஸ்போட்டிலிருந்து பிறந்த அம்பாசடர் காரை இந்தியா 2014 வரை செய்துகொண்டிருந்தது. ஆகவே பிரித்தானியப் பழைய எஞ்சின்களிற் சிலவற்றின் உறவினர், பாக்கு நீரிணைக்கு அப்பால் நாள்தோறும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தனர். நடுவே கிடந்த கடலைவிடப் போரே அகலமாக இருந்தது.

பின்னர் வந்தவை

2002இல் போர்நிறுத்தம் வந்தது. ஏப்பிரிலில் கண்டி வீதி திறந்தது. அதனோடு யப்பானிய வான்களும் இந்திய முச்சக்கர வண்டிகளும் வந்தன. 2006 ஓகஸ்றில் வீதி மீண்டும் மூடியது. 2009இல் போர் முடிந்தபின் நிலையாகத் திறந்தது. ஏ-40கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. இன்றைய எஞ்சின்களிற் பலவற்றின் தலை அலுமினியம், தகடு பல அடுக்கு உருக்கு, நோயறிவது கணினி. தகட்டை மீட்டுப் போடும் வேலைக்கு அங்கே இடமில்லை. அஸ்பெஸ்ரஸ் நீங்கியது நன்மையே; அதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை.

ஆயினும் பற்றாக்குறை நம்மை விட்டுப் போய்விட்டதென்று கருதுவோர் 2022ஐ நினைவுகூர்வாராக. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே வழி மீண்டும் திறந்தது. 2022இல் செலாவணி வற்றி, நாடு முழுவதும் எண்ணெய் வரிசையில் நின்றது. வடக்கு அறிந்திருந்த அனுபவத்தைத் தெற்கும் அறிந்தது. அவ்வாண்டு ஓகஸ்றில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, முதலில் அடிபட்டவர் கடற்றொழிலாளரும் தோட்டக்காரருமே. நெருக்கடியின் காரணம் மாறலாம். அதன் சுமை இறங்கும் முதுகு பெரும்பாலும் மாறுவதில்லை.

நமது கடமை

தடைக்காலத்தில் முப்பது வயதிலிருந்த தொழிலாளி இன்று அறுபதைத் தாண்டியவர். அவருடைய அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. அவரோடு மறைந்துவிடக் கூடியது. 1950களிலும் 60களிலும் தமிழிற் கலைச்சொல் ஆக்குவதற்குக் குழுக்கள் கூடின; அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அது போற்றத்தக்க பணி. அதே காலத்தில் கராச்சுகளில் ஓசையின்றி இன்னொரு கலைச்சொல் ஆக்கம் நடந்துகொண்டிருந்தது. எஞ்சின் தண்ணீர் குடித்தது, எண்ணெய் குடித்தது, இழுவை இழந்தது. மாட்டையும் மனிதனையும் பேசிய மொழி இயந்திரத்தையும் தன்வயமாக்கிக்கொண்டது. இச்சொற்களைத் தொகுத்தாரும் இலர்.

2013இல் உயர்தர வகுப்புக்குத் தொழினுட்பத் துறை வந்தது. அனுபவத்தாற் கற்ற தொழிலாளியின் அறிவைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் வழியும் தேசியத் தொழிற்றகைமை முறையில் உண்டு. ஏட்டில் இடம் கொடுத்தாயிற்று. மனத்தில் இடம் கொடுப்பதே எஞ்சியுள்ளது. ஒரு பாடசாலை ஒரு தவணையில் ஒரு கராச்சுக்குத் தன் மாணவரை அனுப்பட்டும். பொறியியற் தொழினுட்பம் கற்பவர் வேலையின் படிமுறையைப் படமாக வரையட்டும். வரலாறு கற்பவர் ஆண்டையும் விலையையும் கேட்டு எழுதட்டும். தமிழ் கற்பவர் சொற்களைத் தொகுக்கட்டும். உயிரியல் கற்பவர் அத்தொழிலாளியின் இருமலைப் பற்றிக் கேட்கட்டும். முதுமையில் அவர்களுக்கு ஓய்வூதியம் உண்டா, மூச்சுப் பரிசோதனை செய்ய வைத்தியசாலையில் வழி உண்டா என்ற கேள்வியையும் அவர்களோடு சேர்ந்து நாம் எழுப்ப வேண்டும். நன்றியுரை நிகழ்த்துவதைவிட அது பயனுள்ளது.

குடாநாட்டின் தடைக்கால வரலாற்றை எழுத வருவோர் அமைச்சரவைத் தீர்மானங்களையும் போர் அறிக்கைகளையும் படிக்கட்டும், அவை வேண்டியவையே. அவற்றோடு, ஏதேனும் ஒரு பழைய கராச்சின் மூலையில் துருப்பிடித்த ஆணியில் தொங்கும் எரிந்த தகடொன்றையும் கையிலெடுத்துப் பார்க்கட்டும். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே, விரலகலம் கருகிய அந்த இடத்தில் இருப்பதும் ஓர் ஆவணமே. அதனைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர்.